அறுத்தெடுத்த குழாய்

நம்பாதவர்களை நான் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அந்த இரும்புத் துண்டு இன்றைக்கும் என் வீட்டு பால்கனியில்தான் கிடக்கிறது. வந்து தொட்டுப் பார்க்கலாம்.

ரஷ்யாவின் வடகோடியில், மூர்மன்ஸ்க்கில் ஐந்து மாடிக் கட்டடத்தில் மூன்றாவது மாடி எங்களுடையது. டிசம்பர் மாதம், சூரியனே எழாமல் மதியமே கும்மிருட்டு. கணவன் க்ளெப் மீன்பிடிக் கப்பலோடு கடலில் இருந்தான். மகள் ஊல்யா பிறந்து ஐம்பது நாள், குறைமாதக் குழந்தை. நன்றாகத் தூங்கினால்தான் எடை ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் தூங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

திங்கள் மதியம் 2.20. அறை மூலையில் இருந்த வெந்நீர்க் குழாயில் சத்தம். டங்... டங்... டங். கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று. எல்லா மாடிக்கும் சூடு கொடுக்கும் இரும்புக் குழாய் அது. ஊல்யா வீறிட்டு அழுதாள்.

எங்கள் கட்டடத்தில் யாராவது சத்தம் போட்டால், மற்றவர்கள் குழாயைத் தட்டித்தான் அதட்டுவார்கள். குழந்தை அழுவது பிடிக்காமல் யாரோ தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். இரவெல்லாம் விட்டுவிட்டுக் கேட்டது. மறுநாள் மேல்வீட்டு நோன்னாவிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"நான் ஏண்டி தட்டப்போறேன்? எனக்கே மண்ட காயுது."

"அப்ப கீழ்வீட்டு ஃபைனா அக்காவா?"

"அவங்கதான் நேத்தே மக வீட்டுக்கு ரயிலேறிட்டாங்களே. பூட்டின வீடுடி அது."

உண்மைதான். திங்கள் காலையில் படியில் வைத்து என்னிடமும் சொல்லிக்கொண்டார். "மத்தியானம் ரயில். பிப்ரவரில பாப்போம் ரிம்மா. பாப்பாவுக்கு சாக்ஸ் பின்னிட்டு வரேன்."

குழாய்க்காரர் அர்க்காதி வந்தார். உள்ளே அடைத்திருந்த காற்றைத் திறந்துவிட்டார். சுவரில் உரசும் இடங்களில் ரப்பர் வைத்தார். சத்தம் நிற்கவில்லை. ஆத்திரம் தாங்காமல் சூப் கரண்டியை எடுத்து நானும் மூன்று தட்டு தட்டினேன். பதிலுக்குப் படபடவென்று வேகமாகத் தட்டியது. என்ன திமிர் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதன்கிழமை அர்க்காதி மறுபடி வந்தார். "இரும்பு வாயாடி, தங்கச்சி. பிளாஸ்டிக் ஊமை. மாத்திடுவோமா?"

மாற்றினோம். அறுத்தெடுத்த இரும்புத் துண்டை மூலையில் சாய்த்துவிட்டுப் போனார்.

சத்தம் நின்றது. ஊல்யா ஐந்து மணி நேரம் தூங்கினாள். சந்தோஷத்தில் அழுதேன். நோன்னா முட்டைக்கோஸ் வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள்.

வியாழன் மதியம் 2.20.

டங்... டங்... டங்.

புதுக் குழாயைத் தொட்டேன். ஒரு அதிர்வும் இல்லை.

மறுபடி மூன்று. மூலையிலிருந்து...

எதோடும் ஒட்டாமல் நின்ற அந்த இரும்புத் துண்டு. கையில் எடுத்தேன். சுட்டது.

பால்கனிப் பனியில் வீசிக் கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியே பார்த்தேன்.

சுற்றிலும் பனி உருகிக்கொண்டிருந்தது...

டங்.

வெள்ளிக்கிழமை ஃபைனா அக்காவின் மகள் போலீசுக்கு போன் செய்தாள். அம்மா வந்து சேரவே இல்லையாம். கதவை உடைத்தார்கள்.

கோட்டுகூடக் கழற்றாமல் குழாயோரம் கிடந்தார். பக்கத்தில் பெட்டி. கிளம்பும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. கையில் வீட்டுச் சாவி. தட்டித் தட்டி அதன் பற்கள் மழுங்கியிருந்தன.

உயிர் போனது வியாழன் மதியம்போல என்றார் டாக்டர். அதுவரை உயிரோடுதான் இருந்திருக்கிறார். மூன்று நாள்.

கரண்டியால் நான் தட்டியதும் அவர் ஏன் அவ்வளவு வேகமாகத் தட்டினார் என்று அப்போதுதான் புரிந்தது. யாருக்கோ கேட்டுவிட்டது, ஆள் வருகிறது என்று நினைத்திருக்கிறார்.

இரண்டு வருடம் ஆகிறது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை. தினமும் 2.20க்குத் தட்டுகிறது. நான் பால்கனிக்குப் போய்க் கரண்டியால் மூன்று தட்டு தட்டுகிறேன். வேறு என்ன செய்ய...

உடனே அது வேகமாகத் தட்டுகிறது.