தொண்ணூற்றொன்பதின் வால்

டோரீன் ஹெக்மனால் உட்கார்ந்துகொண்டு போன் பேச முடியாது. அமெரிக்காவில் டொலீடோ நகரத்தில் ஒரு ஆபீசில் அவளுக்கென்று பதினோரு வருடமாக ஒரு நாற்காலி இருக்கிறது. அதில் அவளைவிட அவளுடைய கோட்டுதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது. போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கும் காபி மெஷினுக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பாள். அறுபதை நெருங்குகிற வயது, ஓரிடத்தில் நிற்காத கால்.

வீட்டுக் காற்றுக் குழாய்களைச் சுத்தம் செய்து கொடுக்கிற கம்பெனி அது. அக்டோபரில் வீட்டுக்கு வீடு சூடேற்றும் எந்திரத்தைப் போடுவார்கள். சுவரோரத் துவாரங்களிலிருந்து வெந்த தூசி வாடை வரும். உடனே போன் வரும். கேட்கிற முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். எவ்வளவு ஆகும்?

அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பழைய முதலாளி சொல்லிக் கொடுத்திருந்தார். "தொண்ணூத்தொம்பது டாலர்லேர்ந்து." எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். 'லேர்ந்து' என்கிற வாலைக் காதில் விழாத வேகத்தில் ஓட்டிவிட வேண்டும். வண்டியில் எழுதியிருப்பதும் அப்படித்தான்: எண் ஆள் உயரம், வால் எறும்பு உயரம். தொண்ணூற்றொன்பதுக்குப் பத்துத் துவாரம்தான். எந்த வீட்டிலும் துவாரம் பத்தோடு நிற்காது. மீதித் துவாரம் ஒவ்வொன்றுக்கும் தனி, நடுவில் ஓடும் பெரிய குழாய்க்குத் தனி, எந்திரத்துக்குத் தனி. கடைசியில் பூஞ்சை என்று ஒரு போட்டோவைக் காட்டி, அதற்கு மருந்தடிக்கத் தனி. அந்தப் போட்டோ யார் வீட்டில் எடுத்தது என்று டோரீன் ஒருநாளும் கேட்டதில்லை. அவள் வேலை போனோடு சரி.

வாலை ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் தன் கைவேலையில் பெருமை இல்லை?

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் இப்போதைய முதலாளி டேரல் அவளை அறைக்குள் கூப்பிட்டான். பழைய முதலாளியின் மகன். பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு அப்பாவைப் பார்க்க வந்த நாளிலிருந்தே அவனை டோரீனுக்குத் தெரியும்.

"உக்காருங்க டோரீன்."

"நின்னுக்கறேன். சொல்லு."

"லவோன் டேகட்னு ஒரு பொம்பள. ஸ்கூல் பஸ் ஓட்டறவங்க. ஞாபகம் இருக்கா?"

"ஒரு நாளைக்கி நாப்பது பேர்கிட்டப் பேசறேன். யாரன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

டேரல் கம்ப்யூட்டரைத் தட்டினான். பதிவாகியிருந்த போன் பேச்சு ஓடியது, டோரீனின் குரலே வந்தது. பழைய வீட்டை வாங்கியிருப்பதாகவும், முன்பு இருந்தவர்கள் ஐந்து பூனை வளர்த்ததாகவும், பையன் தும்மிக்கொண்டே இருப்பதாகவும் அந்தப் பெண் சொன்னாள். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டாள்.

"தொண்ணூத்தொம்பது டாலர்," என்றது டோரீனின் குரல். அதோடு நின்றுவிட்டது.

"அப்பாடா. அவ்வளவுதானா? அனுப்புங்க," என்றாள் லவோன் டேகட்.

டோரீனுக்கு நினைவு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கம்பெனி வண்டி பின்னால் வந்து அவளுடைய காரை உரசப் பார்த்தது. வாயில் இருந்த வால் வாயிலேயே நின்றுவிட்டது. வேறு ஒன்றும் இல்லை. மனசாட்சியெல்லாம் இல்லை.

"நம்ம பசங்க ஆயிரத்து நாப்பத்தொம்பதுக்கு பில் போட்டுட்டாங்க," என்றான் டேரல். "அந்தம்மா மாநில நுகர்வோர் ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டுடுச்சு. இந்தப் பதிவ அவங்க நாளைக்குள்ள கேக்கறாங்க. அதுல அந்த 'லேர்ந்து' இருந்தா நாம ஜெயிச்சோம். இல்லேன்னா நம்ம மேல விசாரணைன்னு ஃபைல் தொறந்துடுவாங்க."

"இல்லியே. அதுக்கு என்ன பண்றது?"

"சேத்துடலாம். வேற போன் கால்லேர்ந்து வெட்டி ஒட்டலாம்னு என் மச்சான் ராத்திரியெல்லாம் உக்காந்து பாத்தான். முந்நூறு கால் கேட்டிருக்கான் டோரீன். ஒண்ணுலகூட அந்த வார்த்தை காதுல விழல. வெட்டி எடுக்க ஒண்ணுமே இல்லேங்கறான்."

அவள் காபி மெஷின் பக்கம் திரும்பினாள். அது அந்த அறையில் இல்லை என்பதே நடந்து சுவரை எட்டிய பிறகுதான் உறைத்தது.

"நீங்க ஒருதரம் தெளிவா சொன்னாப் போதும். மூணு மணிக்கு மைக் கொண்டு வரான்."

"தப்பில்லையா டேரல்?"

"தினமும் சொல்றதுதானே? அன்னைக்கி வாய் தவறிப் போச்சு. அதச் சரி பண்றோம்." பிறகு மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "வெர்னனுக்கு ஆபரேஷன் என்னைக்கி?"

"ஏப்ரல் ஒம்பது."

அவன் காலண்டரில் அந்தத் தேதியைப் பார்த்தான். மேலே சொல்லவே வேண்டாம். அவள் கணவனின் இருதய வால்வை மாற்றப்போகிற ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டப்போவது இந்த வேலையோடு வரும் இன்சூரன்ஸ். வேலை போனால் அதுவும் போய்விடும்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. ரொட்டியைப் பிரித்து வைத்துவிட்டு வண்டிகள் நிற்கிற இடத்தை நாலு சுற்று சுற்றினாள். பனி உருகிச் சேறாகிக் கிடந்தது. வெர்னனுக்குப் போன் போட்டாள்.

"என்ன, நடந்துக்கிட்டிருக்கியா?" என்றான் அவன்.

"எப்படித் தெரியும்?"

"மூச்சு வாங்குதே. வால்வு எனக்குத்தான் போச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"சும்மா கெட. மருந்து சாப்டியா?"

"சாப்டேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டாள். ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்த 'அப்பாடா' அவளை விடாமல் பிறாண்டிக்கொண்டிருந்தது. வாலோடு சொன்ன நாட்களிலும் ஆட்கள் அதே 'அப்பாடா'வைத்தான் சொல்லியிருக்கிறார்கள். வித்தியாசமே இல்லை. அந்த வால் இருப்பது இதுவரை கம்பெனியைத் தவிர யாருக்குமே தெரிந்ததில்லை.

மூன்று மணிக்கு மைக் வந்தது. நடந்தால் சத்தம் மாறும் என்று மச்சான் அவளை நாற்காலியில் உட்கார வைத்தான். முழங்கால் தானாக ஆட, ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தொண்ணூத்தொம்பது டாலர்ல்ந்து."

"கேக்கல. இன்னொரு தரம்."

"தொண்ணூத்தொம்பது டாலர்ல்து."

"டோரீன், மெதுவா."

மெதுவாகத்தான் சொல்லப் பார்த்தாள். வெர்னனை நினைத்துக்கொண்டு, உண்மையாகவே பார்த்தாள். எண் வரை நன்றாக வந்தது. அதன் பிறகு நாக்கு தன் பழைய வேகத்தில் ஓடிவிட்டது. பதினோரு வருடம் பழக்கிய நாக்கு. வார்த்தையை மட்டும் தனியாகச் சொல்லச் சொன்னார்கள். அது தனியாக வரவே மறுத்தது. ஐந்தாவது முறை டேரலுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆறாவது முறை சிரிப்பு போய்விட்டது.

"கடைசியா ஒண்ணு," என்றான் மச்சான். "அவசரமே இல்ல. தண்ணி குடிங்க."

குடித்தாள். வாயைத் திறந்தாள். இந்தத் தடவை அது வந்துவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் முழுசாக, கழுவித் துடைத்து, நாக்கு நுனியில் வந்து நின்றது. அவளுக்கே ஆச்சரியம். ஒரு நொடி வைத்திருந்தாள். வெர்னனின் மூச்சு காதில் கேட்டது. வேண்டாம் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. விழுங்கினாள்.

"தொண்ணூத்தொம்பது டாலர்ல்து," என்றாள்.

மச்சான் மைக்கைக் கழற்றினான். டேரல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "நம்ம பொழப்பே இந்த வாய்தான். அதால ஒரு வார்த்தையச் சொல்ல முடியல," என்றான். ஃபைல் திறப்பதைவிட மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்க வைப்பது மேல் என்று அவனே முடிவுக்கு வந்தான். தொள்ளாயிரத்து ஐம்பதுக்குச் செக் எழுதினான். "நீங்களே போன் பண்ணி நைஸா சொல்லிடுங்க. உங்க குரல் அந்தம்மாவுக்குத் தெரியும்."

வேலை இருக்கிறது, ஏப்ரல் ஒன்பதும் இருக்கிறது. டோரீனுக்குக் கால் லேசாகிவிட்டது. ஜன்னலுக்கும் காபி மெஷினுக்கும் நடுவே இரண்டு நடை நடந்துவிட்டு எண்ணை அழுத்தினாள். பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சலும் பஸ் கதவு மூடும் சத்தமும் கேட்டன.

"மிஸஸ் டேகட், உங்க மீதிப் பணத்தத் திருப்பி அனுப்பறோங்க. மொத்தமே தொண்ணூத்தொம்பது டாலர்தான். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது."

அந்தப் பக்கம் பஸ் எஞ்சின் அணைந்தது.

"அன்னைக்கிப் பேசினதும் நீங்கதானே?"

"ஆமாங்க. நான்தான்."

"அன்னைக்கும் இதத்தானே சொன்னீங்க," என்றாள் லவோன் டேகட். பணம் கையில் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.