இடது பக்கக் காது மிஷின்

2024 டிசம்பர் 3, செவ்வாய். பென்டில் ஹில்.

இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். கணினிக் கட்டளைகளை எழுதும் ஸ்கிரிப்டில் ‘இணைக்கட்டுமா?’ என்று கேட்கும் வரியை எழுத மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நானே மூன்று தரம் சரிபார்த்தேன். கீழே உள்ள நேரங்கள் கணினி தானாகக் குறித்தவை. கற்பனை இல்லை.

மாலை வகுப்பின் கடைசி ஒப்படை. லினக்ஸில் மவுஸைத் தொடாமல், கட்டளைகளால் மட்டும் ஒரு புளூடூத் சாதனத்தை இணைத்து, அதன் மைக்கில் இருபது விநாடி பதிந்து அனுப்ப வேண்டும். 8.30 கடைசி நேரம். தவறினால் சான்றிதழ் இல்லை. அது இல்லாவிட்டால் வெஸ்ட்மீட்டில் சொல்லி வைத்திருக்கும் வேலையும் இல்லை.

7.41. இங்கே டிசம்பர் கோடை; வெளியே இன்னும் வெயில். ஸ்கிரிப்டை ஓட்டினேன். அது என் ஹெட்செட்டை விட்டுவிட்டு, பட்டியலில் முதலில் வந்ததைப் பிடித்து இணைத்துவிட்டது. பெயர் ‘தங்கராசா’, பக்கத்தில் ‘இடது’ என்பதற்கு ஓர் ஆங்கில எழுத்து. சாதன வகை: காது கேட்கும் மிஷின். அயலில் யாருடையதோ. வெட்கமாக இருந்தது. இணைப்பை அழித்தேன்.

7.44. மறுபடி இணைந்திருந்தது. நான் ஒன்றையும் ஓட்டவில்லை.

சிக்னல் மைனஸ் 71. இந்த எண் பூச்சியத்தை நெருங்க நெருங்க, சாதனம் கிட்ட இருக்கிறது.

7.52. மைனஸ் 48.

8.03. மைனஸ் 29. அது கையெட்டும் தூரம். மேசைக்குக் கீழே பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒரு வாடை மட்டும்... நாள்பட்ட மீன் பெட்டியைத் திறந்தது போல.

8.11. என் ஹெட்செட் பட்டியலில் வரவேயில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியின்றி அதிலேயே பதிந்தேன். வயர் இயர்போனை மாட்டிக் கேட்டேன்.

என் கீபோர்டுச் சத்தம். என் மூச்சு. மிக அருகில்.

அதற்கு அடியில்... சளக்... சளக்... கனிந்த பலாப்பழத்தை விரலால் பிசைவது போல.

யாரோ மெல்கிறார்களா?

ஒருவர் இல்லை. நிறைய வாய்கள். மிகச் சின்னவை.



8.24. அனுப்பினேன்.

இயர்போனைக் கழற்றினேன். வலது பக்கம் சுத்தம். இடது பக்கத்தோடு ஏதோ நூல் நூலாக இழுபட்டு வந்தது.

மஞ்சள்.

சூடு.

வீட்டுக்கார கமலேஸ்வரி அன்ரி குசினியில் தோசை மா அரைத்துக்கொண்டிருந்தார். தங்கராசா யார் என்று கேட்டேன். கிரைண்டரை நிறுத்தினார்.

“ஆர் உமக்குச் சொன்னது?”

“லப்டொப்பில பேர் வந்தது, அன்ரி.”

கையில் ஒட்டிய மாவை வழித்துச் சட்டியில் போட்டார்.

“உம்மட அறையிலதான் இருந்தவர். நாங்கள் ஊருக்குப் போட்டு வர பதினொரு நாள். செத்துக் கிடந்தது ஒருத்தருக்கும் தெரியாது. இடது காது முழுக்கப் புழு, பிள்ளை. மிஷினைக் கழட்ட ஏலாமல் அதோடயே எரிச்சது.”

ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீர் அறையை எடுத்திருப்பீரோ?”

8.58. வகுப்பு எடுக்கும் நரசிம்மன் சாரிடமிருந்து மெயில். பாஸ். பதிவு மிகத் தெளிவாம். நாளை வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டப் போகிறாராம்.

லப்டொப்பை மூடி அரை மணியாகிறது. அந்த மெல்லும் சத்தம் நிற்கவில்லை.

நாளைய வேலை: காலை 9.15, டாக்டர். இடது காதுக்குள் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.