பாட்டில் கடையில் ஒரு சபைக்காரி

மதுக்கடையில் நிற்கிற பெண்ணைக் குடிக்கிறவரும் நம்பமாட்டார், குடிக்காதவரும் நம்பமாட்டார். மலேசியாவின் ஈப்போவில் ஒரு சீனர் கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால், பழைய ரப்பர் தோட்டத்து ஓரத்தில் இருக்கும் எங்கள் சின்ன சபைக்குப் போகிறேன். பார்க்கிற வேலைக்காகவே ஊர்ப்பேச்சு வாங்கியவர் நீங்கள் என்றால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

கை கொடுத்தல்

ஆராதனை முடிந்ததும் எல்லாரும் கை கொடுப்போம். மூப்பரின் மனைவி கிரேஸ் அக்கா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு அருகே குனிவார். பாசம் என்றுதான் நினைத்திருந்தேன். மூன்றாவது வாரம்தான் அவர் மோப்பம் பிடிப்பது தெரிந்தது. "நான் குடிக்கிறதில்லக்கா, விக்கிறதோட சரி" என்றேன்.

அவர் கையை விடவில்லை. "குடிக்காம எப்படிலா இது நல்ல சரக்கு, அது மட்டம்னு ஆளுங்களுக்குச் சொல்றே?"

ஹெல்மெட்

ஒரு மத்தியானம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் உள்ளே வந்து சின்ன பிராந்தி ஒன்று கேட்டார். எங்கள் பிள்ளைகளைக் குடியிலிருந்து காப்பாற்றும் என்று வாராவாரம் ஜெபிக்கிற குரல் அது. கிரேஸ் அக்காவின் கணவர், எங்கள் மூப்பரேதான். கேக்கில் ஊற்றவா என்று கேட்டுவைத்தேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

ஹெல்மெட் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கினார். "வயித்துக்குத்தான்மா. கொஞ்சமா எடுத்துக்கலாம்னு வேதத்துலயே இருக்கு. கிரேஸுக்குத்தான் அந்த வசனம் தெரியாது."

தள்ளிவைத்த கிண்ணம்

சித்தியவானிலிருந்து புது பாஸ்டர் வந்தார். இளைஞர், நன்றாகப் படித்தவர். அளவோடு குடிப்பது பாவமில்லை என்பார். கானாவூர் கல்யாணத்தில் இயேசு தண்ணீரை வெறும் பழச்சாறாகவா மாற்றினார் என்று கேட்பார். திருவிருந்துக்கு வழக்கமாக வைக்கும் திராட்சை ஜூஸை நிறுத்திவிட்டு எங்கள் கடையில் ஒரு பெட்டி ஒயின் வாங்கினார்.

முதல் ஞாயிறே செல்வராஜ் அண்ணன் கிண்ணத்தைத் தொடவில்லை. தோட்டத்தில் இருந்தபோது சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்டவர். விட்டு ஆறு வருஷம் ஆகிறது. திருவிருந்தை மறுத்தால் மறைவாக ஏதோ பாவம் இருக்கிறது என்றுதான் எங்கள் ஆட்கள் எண்ணுவார்கள்.

மறுநாள் அவர் மனைவி மேரி அக்கா கடை வாசலில் நின்றார். தன் வீட்டுக்காரர் இங்கே வருகிறாரா என்று கேட்டார். சத்தியமாக இல்லை என்றேன். அவர் கண் அலமாரியை விட்டு நகரவில்லை. "விக்கிறவ நீ. வந்தாலும் வரலன்னுதானே சொல்லுவே?"

ஒயின் லேபிள்

புதன்கிழமை செல்வராஜ் அண்ணனே வந்தார். எனக்கும் சந்தேகம்தான், சம்சு அலமாரியை மறைத்துக்கொண்டு நின்றேன். ஆனால் அவர் கேட்டது பாஸ்டர் வாங்கிய ஒயினை. எடுத்துக் காட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு லேபிளைப் படித்தார்.

"கிண்ணம் கிட்ட வந்ததும் வாசனை அடிச்சுச்சு. வாயெல்லாம் ஊறிப்போச்சு தங்கச்சி. ஜெபம் பண்ணவே முடியல."

பாஸ்டரிடம் சொல்லுங்கள் அண்ணே என்றேன். லேபிளிலிருந்து கண்ணை எடுத்தார். "நீ வேணா சொல்லு. எனக்கு அளவே கிடையாதுன்னு அவரு முன்னால நின்னு எப்படிச் சொல்றது?"

வெறுங்கை

சொன்னேன். பாஸ்டர் வாதாடவில்லை. "அளவா குடிக்கிறது பாவம்னு இப்பவும் சொல்லமாட்டேன், சிஸ்டர். ஆனா அவரோட ஆறு வருஷம் என் கிண்ணத்துல போயிடக் கூடாது" என்றார். அடுத்த திருவிருந்துக்கு ஜூஸ் திரும்பி வந்தது. செல்வராஜ் அண்ணன் கிண்ணத்தை வாங்கிக் குடித்தார். பக்கத்தில் மேரி அக்கா அழுதுகொண்டிருந்தார்.

மிச்சமிருந்த பாட்டில்களைப் பாஸ்டரே தூக்கிவந்து கடையில் திருப்பிக் கொடுத்தார். எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் அதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் நான் ரொட்டி வாங்கப் போனபோது குரலைத் தாழ்த்தினார். "உங்க பாஸ்டரு பெட்டியோட உள்ள போனாரு, வெறுங்கையோட வெளிய வந்தாரு. கடைக்குச் சரக்கே அவருதான் போடுறாராலா?"

குடிக்கலாமா கூடாதா என்பதில் எங்கள் சபை இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை, யார் குடிக்கிறார் என்பதை மட்டும் ஆளாளுக்கு முடிவு பண்ணி வைத்திருக்கிறார்கள்.