பெயர் சொல்லாத வேடக்காரர்

ஆம்புரோஸ் கீப்பிங்கை நான் முதலில் பார்த்தபோது பெண்கள் கவுனில், முகத்தில் ஜன்னல் திரையோடு எங்கள் சமையலறையில் நின்றார். நியூஃபவுண்ட்லாந்தில் கிறிஸ்துமஸ் நாட்களில் வேடமிட்டு வீடு வீடாகப் போவோம். வந்தவர் பெயரை வீட்டார் கண்டுபிடித்துவிட்டால் வேடக்காரர் தோற்றார்; அப்போதுதான் திரையை விலக்கலாம், கேக் தின்னலாம். படகு எஞ்சின் பழுதுபார்க்க வந்து ஒரு வாரமே ஆன அவர் பெயர் யாருக்குத் தெரியும்?

"சொல்லித் தொலைப்பா, மூச்சு முட்டிடப் போவுது!" என்றார் அப்பா.

"நானே சொன்னா அது ஆட்டமில்லண்ணே."

திரை விலக்காமல், கேக்கும் தின்னாமல் போய்விட்டார்.

"அசலூர்க்காரனுக்கு நம்ம வழக்கத்துமேல எவ்ளோ மரியாத பாரு!" என்றாள் அம்மா.

அடுத்த கிறிஸ்துமஸில் அவர் வாசலில் கால் வைத்ததுமே எல்லோரும், "ஆம்புரோஸ்!" என்று கத்தினோம். தோற்றதற்கு அவ்வளவு மகிழ்ந்தவரை நான் பார்த்ததில்லை.

இப்போது எங்கள் துறைமுகத்திலேயே எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறார்.