சம்பந்தத்தைக் குளிப்பாட்டியவன்

களம்பூர் அரிசி ஆலையில் பதினெட்டு வருடம் மூட்டை தூக்கிய தென்னரசு, இடுப்பு கெட்ட பிறகு ஆரணியில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ஆண்கள் பிரிவில் இருபத்திரண்டு பேர். குளிப்பாட்ட, உடுத்திவிட, ஊட்டிவிட அவன் ஒருவன்தான். முகம் சுளிக்க மாட்டான், அதட்ட மாட்டான். பெரியவர்களுக்கு அவனைப் பிடித்திருந்தது.

அவர்களில் சம்பந்தம் பட்டுத்தறி நெய்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. வலப்பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை.

குளிக்கும் நீரின் சூட்டைத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அலுவலகச் சுவரில் விதிகளை ஒட்டியிருந்தார்கள். தெர்மாமீட்டரை யாரும் வாங்கவில்லை. தென்னரசு கையை விட்டுத்தான் பார்ப்பான். மூட்டை பிடித்துத் தோல் தடித்துப்போன கை.

ஒரு மார்கழிக் காலையில் பச்சைத்தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வாளியின் அடியில் கிடந்த தண்ணீரோடு ஹீட்டர் தண்ணீரைக் கலந்து, தொட்டுப் பார்த்துவிட்டு, சம்பந்தத்தின் வலது தொடையில் ஊற்றினான். மூன்றாவது சொம்பில் தோல் வெளுத்து உரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு வண்டி போனதும் மேனேஜர் ஜீவானந்தம் பதிவேட்டை நீட்டினார். 'பெரியவர் தாமாகவே ஹீட்டர் குழாயைத் திறந்துவிட்டார்' என்று எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போடுப்பா. இல்லன்னா உனக்கும் பேஜார், எனக்கும் பேஜார்.”

போட்டான்.

மறுநாள் வெம்பாக்கத்திலிருந்து வந்த சம்பந்தத்தின் மகள் கனிமொழி பதிவேட்டை வாங்கிப் படித்தாள்.

“எழுந்து நிக்கவே முடியாதவரு, அம்மாம் உசரத்துல கீற குழாய எப்பிடிங்க தொறந்தாரு?”

ஜீவானந்தம் வாயைத் திறப்பதற்குள் தென்னரசு சொல்லிவிட்டான்.

“நான்தாம்மா ஊத்தனேன். சூடு எனக்குத் தெரியல.”

அவள் பையை எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

பதினோராம் நாள் சம்பந்தம் இறந்தார். தென்னரசு, ஜீவானந்தம் இரண்டு பேர் மீதும் வழக்கு. இல்லத்தை ஒரு மாதம் மூடிவைத்து, வேறு மேனேஜரைப் போட்டுத் திறந்துவிட்டார்கள். தென்னரசு இப்போது பழைய களம்பூர் ஆலையில் நெற்களம் பெருக்குகிறான். வாய்தாவுக்கு வாய்தா ஆரணிக்கு வருவான். கனிமொழியும் வருவாள், அவன் இருக்கும் பக்கம் திரும்ப மாட்டாள்.

போன வாய்தாவில் கோர்ட்டு வாசலில் அவன் எதிரே வந்து நின்றாள்.

“அன்னிக்கு அப்பா கத்தனாரா?”

“இல்லம்மா. என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாரு.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சாலைப் பக்கம் நடந்தாள்.