கத்திரிக்கோல் அண்ணியும் வெடித்த சுவரும்

அவள் வாய்க்குப் பயந்து தெரு வைத்த பெயர் கத்திரிக்கோல். புருஷன் போன பிறகு கீழ்வீட்டு முன்னறையில் நாலு பவர் மெஷின் போட்டுத் தைத்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். கடைசியில் அந்த அறைக்கே வேட்டு வந்தது.

அறைச் சுவரில் ஒரு விரிசல். எத்தனை தடவை பூசினாலும் அதே இடத்தில் மறுபடி வாயைப் பிளக்கும். வீடு, மாடியில் குடியிருக்கும் கொழுந்தனார் பேரில். அவருக்குக் காரணம் தெரிந்துவிட்டது.

"அண்ணி, உங்க மெஷின் போடுற ஆட்டத்துலதான் செவுரு வெடிக்குது. மழை முடியுறதுக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்க."

"என் மெஷினுக்குச் செவுரு வெடிக்கும்னா, உங்க குறட்டைக்குக் கூரையே பறந்திருக்கணுமே தம்பி!"

தைக்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கால்சட்டை சுருக்கக் கொடுக்க வந்த ஒரு பெண், நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் வேலை பார்ப்பவள், விரிசலைக் கண்டதும் வெளியே போய்ப் பார்த்தாள். சாக்கடைக் கரையும் எதிர்வீட்டு மதிலும் அதே நேர்கோட்டில், ஒரே பக்கமாக விலகி நின்றன.

"அக்கா, நமக்குக் கீழ பூமி ஒரே துண்டா இல்ல. பெரிய பெரிய பாறைத் தட்டுங்க. நகம் வளர்ற வேகத்துல நகருது. உரசுற இடத்துல மாட்டிக்கும். இறுக்கம் தாங்காம சட்டுனு வழுக்கினா நிலநடுக்கம். சில இடத்துல சத்தமே இல்லாம துளித்துளியாவும் வழுக்கும். உங்க வீட்டுக்கு அடியிலயும் அப்படித்தான்னு நினைக்கிறேன்."

கத்திரிக்கோல் வரிவரியான இரண்டு முரட்டுத் துணிகளை முகத்தோடு முகம் வைத்து அழுத்தி இழுத்தாள். அசையவில்லை. இன்னும் இழுத்தாள். திடுக்கென்று தாவியது.

"அட, இவ்வளவுதானா!" என்று படியேறினாள்.

"தம்பி, மழை முடியுற வரை மெஷினைத் தொடமாட்டேன். விரிசல் நின்னா நானே கிளம்புறேன். நிக்கலன்னா, நான் சொல்றதை நீங்க செய்யணும்."

அளவு வெட்டும் காகிதத்தை விரிசலின் குறுக்கே கொழுந்தனார் கையாலேயே ஒட்டவைத்தாள். அதன்மேல் விரிசலைத் தாண்டிப் போகும்படி ஒரு நேர்கோடும் அவரே போட்டார். அதன்பின் எல்லாம் கைத்தையல். விரல் ரணமானது. பாதி வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போனது. "பந்தயத்துல பொழைப்பைத் தொலைக்கிறியே" என்று பெரிய மகள் அழுதாள். கத்திரிக்கோல் ஊசியைக் கீழே வைக்கவில்லை.

மழை ஓய்ந்த ஒரு காலையில் காகிதம் கிழிந்திருந்தது. கிழிந்த இடத்தில் கோட்டின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று பார்க்காமல் ஏறுக்குமாறாக நின்றன.

"காத்துல கிழிஞ்சிருக்கும்" என்றார் கொழுந்தனார்.

"கிழிச்சது காத்துன்னே வைங்க. கோட்டை நகத்தினது யாரு?"

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார்.

"நான் மெஷினை அந்தச் செவுத்தை விட்டு வாசல் பக்கம் தள்ளிப் போட்டுக்கிறேன். அந்தச் செவுத்துக்கு மேல மொட்டை மாடியில நிக்குற சிமெண்ட் தண்ணித் தொட்டியை நீங்க இறக்குங்க. இப்போ துளித்துளியா நகருது, அதனால பெரிய நடுக்கம் வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லல."

"பூமியோடயே மல்லுக்கு நிப்பீங்களா அண்ணி?"

"பூமியோட எனக்கென்ன சண்டை? அது அது வேலையைப் பாக்குது. தொட்டி உங்களுதுதானே?"

மெஷின்களை வாசல் பக்கம் நகர்த்திவிட்டு சுவிட்சைப் போட்டாள். நாலு மெஷினும் ஒன்றாக இரைந்தன. மேலே தொட்டியைக் காலி செய்யத் தண்ணீரைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.