நவம் காய்ச்சிய உப்பில்லாக் கூழ்

செவ்வாய்க்கிழமை மத்தியானம், மிசிசாகாவில் நான் பெட்டி அடுக்குகிற கிடங்கின் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. பேசியவர் தர்மலிங்கம், என் கூட்டாளி நவரத்தினத்தோடு ஒரே அலுவலகத்தில் கட்டட வரைபடம் கீறுபவர். "நவம் மோசம் போயிட்டான் ஐசே" என்றார். சாப்பிட்டுவிட்டு வரைபலகையில் தலை சாய்த்தவரை, அசந்து தூங்குகிறார் என்று ஒரு மணிநேரம் யாரும் எழுப்பவில்லையாம். அந்த அலுவலகத்தில் அவருக்கு அவ்வளவு மரியாதை.

வழக்கமாக நான் இந்த இடத்தில் ஒன்ராறியோ ஏரி அடிவரை உறைந்தது என்றும், கனடா தேசத்துக் கொடிகள் எல்லாம் தாமாகவே பாதிக் கம்பத்துக்கு இறங்கின என்றும் எழுதுவேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு என் கைவரிசை தெரியும். இந்த முறை அதற்குத் தெம்பில்லை. ஏரி இருந்தபடியே இருந்தது. பஸ் நேரத்துக்கு வந்தது. நான் மிச்சப் பெட்டிகளையும் அடுக்கி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

உண்மையில் போயிருக்க வேண்டியவன் நான். இது அடக்கத்துக்காகச் சொல்வதல்ல, டாக்குத்தர் சொன்ன விஷயம்.

நகரத்தின் நடுவே அந்த நெட்டைக் கோபுரத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலம். அது பாதி உயரம் ஏறுவதற்குள் என்னுடைய பிரஷர் உச்சிக்குப் போய்விட்டது. வெலஸ்லி வீதியில், ஒன்பதாம் மாடியில், நவம், பாலசிங்கம், நான் உட்பட ஐந்து ஆண்கள் ஒரே வீட்டில் இருந்தோம். ஒருநாள் லிப்ற் வாசலில் மயங்கி விழுந்தேன். என்னைத் தூக்க ரொறன்ரோவின் தீயணைப்புப் படை முழுவதும் வந்தது என்பது என் கட்சி. தூக்கியது தானும் பாலசிங்கமும்தான் என்பது நவத்தின் கட்சி. டாக்குத்தர் உப்பை விடு, பொரியலை விடு, இறைச்சியை விடு, ரின்னில் அடைத்ததை விடு என்றார். விடாவிட்டால் அடுத்த பனிக்காலம் உனக்கு இல்லை என்றும் சொன்னார். அப்போது யாழ்ப்பாணத்தில் என் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். சின்னவள் என்னைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தாள்.

எங்கள் ஐவர் வீட்டில் அதுவரை சமையல் என்றால் ரின் திறப்பதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்த நவம் அடுப்படிக்குப் போய் அலுமாரியைத் திறந்து பார்த்தார். பிறகு என் கட்டில் ஓரமாக வந்து நின்றார்.

"உம்மை உயிரோட உம்மட மனிசியிட்டக் குடுக்கோணும். அதுமட்டும் என்ர பொறுப்பு. அதுக்குப் பிறகு நீர் உப்பு மூட்டையில ஏறிப் படுத்தாலும் எனக்குக் காரியமில்லை."

இப்படித்தான் ஒரு கட்டட வரைகலைஞர் எனக்குச் சமையற்காரர் ஆனார்.

சனிக்கிழமை காலைகளில் கென்சிங்டன் சந்தைக்குப் போவோம். மைனஸ் இருபதிலும் போவோம். அங்கே ஒரு போர்த்துக்கீசர் மீன்கடை வைத்திருந்தார். நவம் ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்து, ஐந்து கண்டத்து நோயும் தெரிந்த வைத்தியர் மாதிரி கண்ணை உற்றுப் பார்ப்பார். வெட்டி எறிகிற தலைகளையும் கேட்டு வாங்குவார். எத்தனை பூனை வளர்க்கிறாய் என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். ஐந்து, எல்லாம் வேலைக்குப் போகின்றன என்று நவம் சிரிக்காமல் சொன்னார். அன்றிலிருந்து அந்த மனிதர் பூனைகளின் சுகம் விசாரிக்காமல் மீன் நிறுத்ததில்லை. பக்கத்துக் கடையில் மரவள்ளிக்கிழங்கு, பசளிக்கீரை, பச்சை அவரை, தேசிக்காய். உப்பு இல்லாத குறையைத் தேசிப்புளியாலும் மிளகாலும் அவர் மூடுவார். "நாக்கை ஏமாத்திறது சுகம், நெஞ்சை ஏமாத்தேலாது" என்பார்.

எல்லாம் வெற்றி என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை சூப்பர்மார்க்கெற்றில் துருவிய தேங்காய்ப்பூப் பக்கற்றைக் கண்டு, கொலம்பஸ் கரை கண்டது போலக் கூவிக்கொண்டு வாங்கிவந்தார். லீக்ஸும் கணவாய் மீனும் சேர்த்து வறை செய்து, அந்தத் தேங்காய்ப்பூவை அள்ளித் தூவினார். முதல் வாயோடு ஐந்து பேரும் ஆளையாள் பார்த்தோம். கேக்குக்குப் போடுகிற, சீனியில் ஊறிய தேங்காய்ப்பூ அது. பக்கற்றில் எழுதியிருந்ததை யார் வாசித்தார்கள்? தேங்காய்க்குச் சீனி போடுகிற நாடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்? நவம் தன் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "கணவாய்க்கு இண்டைக்குப் பிறந்தநாள் எண்டு நினைச்சுத் தின்னுங்கோ" என்றார். தின்றோம்.

நான் நல்ல நோயாளி இல்லை. ஊரிலிருந்த மைத்துனருக்கு இரகசியமாகக் கடிதம் எழுதி, கருவாடு அனுப்பச் சொன்னேன். பார்சல் வந்ததும் பனிக்கோட்டின் கைக்குள் ஒளித்து வைத்தேன். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு சப்வேயில் ஏறினால் பெட்டி முழுவதும் எனக்கே சொந்தம். இருபது பேர் அடுத்த நிலையத்தில் இறங்கி, டாக்சி பிடித்துப் போனார்கள் என்பேன். மூக்குள்ள மனிதருக்கு இது எத்தனை நாளைக்குத் தெரியாமல் இருக்கும்? நவம் கோட்டை உதறினார். கருவாடு நிலத்தில் விழுந்தது. ஏசுவார் என்று காத்திருந்தேன்.

"சின்னவளுக்கு இப்ப எத்தினை வயசு?" என்று கேட்டார்.

"நாலு."

"வாசிக்கத் தெரியுமோ?"

"இன்னும் இல்லை."

"அப்ப தந்தி வந்தா ஆராவதுதான் அவளுக்கு வாசிச்சுக் காட்டோணும்."

பசளியை ஆயப் போய்விட்டார். நான் கருவாட்டைக் கொண்டுபோய்க் குப்பைக் குழாயில் போட்டேன். ஒன்பது மாடியும் அது இறங்கிப் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் யாரோ ஊரிலிருந்து ஒடியல் மா கொண்டுவந்தார்கள். இதை வாசிக்கிற உங்களில் பலர் அன்று எங்கள் வீட்டில் இருந்தீர்கள். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த அந்த மா இந்த ஊருக்கு வருவது அப்போது ராசா வருவது மாதிரி. மீன்தலை, நண்டு, இறால், மரவள்ளி, அவரை, பசளி எல்லாம் ஒரே கொதியில் வேக, மாவையும் புளியையும் கரைத்து விட்டு, பெரிய அலுமினியச் சட்டி நிறையக் கூழ். கூழுக்கு ஒரு முறை உண்டு: ஒரு சட்டிதான், எல்லோரும் அதைச் சுற்றி இருந்துதான் குடிக்கவேண்டும். தனியே கோப்பையில் வாங்கிக்கொண்டு மூலைக்குப் போகிறவன் கூழ் குடித்தவன் ஆகமாட்டான். உப்பில்லாமல் எனக்குத் தனியாக ஒரு சின்னச் சட்டி வைக்கலாம் என்று பாலசிங்கம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நவம் அகப்பையை நிறுத்தினார். "ஒரு சட்டிதான். உப்பில்லாமத்தான் காய்ச்சுவன். உப்பு வேணுமெண்டவை தங்கட கோப்பையில போடுங்கோ. இவனைத் தனிய இருத்த மாட்டன்."

பதினெட்டுப் பேர் நிலத்தில் வட்டமாக இருந்தோம். நடுவில் சட்டி, பக்கத்தில் ஒரு கிண்ணம் உப்பு. அன்று அந்தக் கிண்ணத்தை ஒருவரும் தொடவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பாலசிங்கம் மூன்று கரண்டி போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். ஆனால் ஒருவரும் எழும்பிப் போகவில்லை, நானும் மூலையில் இருக்கவில்லை. நோயாளி ஆன நாள் முதல் அன்றுதான் நான் நோயாளியாக இல்லாமல் சாப்பிட்டேன்.

விசா வந்தது. பனிக்காலம் ஒன்றல்ல, இரண்டு தாண்டியிருந்தது. விமான நிலையத்தில் என் மனைவிக்கு முன்னால் நவம் என்னைத் தோளில் பிடித்து நிறுத்தினார். "அக்கா, இந்தாங்கோ உங்கட ஆள். கொஞ்சம் மெலிஞ்சிட்டார், மற்றும்படி பழுதில்லை" என்றார். என் மனைவி சிரித்தாள், பிறகு அழுதாள். சின்னவள் முதலில் போய்க் கையைப் பிடித்தது நவத்தின் கையைத்தான். படத்தில் பார்த்த அப்பாவை விட அவர்தான் அப்பா மாதிரி இருந்தார் போலும். அந்த அநியாயத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு நாங்கள் தனி வீடு பார்த்தோம். ஐவர் வீடும் கலைந்தது. நவம் கலியாணம் செய்யவில்லை. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். ஞாயிறுகளில் தொலைபேசியில் பேசுவோம். எனக்குப் பிரஷர் எவ்வளவு என்று அவர் கேட்பார். நான் அவரிடம் சாப்பிட்டீரோ என்று கேட்பேன். "சாப்பிட்டன், சாப்பிட்டன்" என்பார். இரண்டு தரம் சொல்வார். நான் ஒருதரமும் மேலே கேட்டதில்லை.

சாமான்களை ஒதுக்க நானும் தர்மலிங்கமும் அந்த அறைக்குப் போனோம். சுத்தமான அறை. அலுமாரியைத் திறந்தேன். சூப் ரின்கள், உப்புப் பிஸ்கற், ரின் இறைச்சி, மேலிருந்து கீழ்வரை. அடுப்புப் புதிது மாதிரி இருந்தது. சட்டி ஒன்று கூட இல்லை. பதினெட்டுப் பேருக்குக் காய்ச்சத் தெரிந்த மனிதருக்கு ஒருவருக்குக் காய்ச்ச மனம் வரவில்லை. வேலை முடிந்து வந்து, ஒரு மீனுக்காகக் கத்தி எடுத்து, ஒரு பிடி பசளியை ஆய்ந்து, தனக்கு மட்டும் என்று அடுப்பு மூட்டுவது எவ்வளவு அலுப்பான வேலை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்தேன். தர்மலிங்கம் ரின்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். பெட்டி அடுக்குவது என் தொழில். அன்று என்னால் முடியவில்லை.

நவத்தின் படம் என்னிடம் ஒன்றும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது இந்த உடம்புதான். சனிக்கிழமைச் சனிக்கிழமையாக அவர் சமைத்து நிமிர்த்திய உடம்பு. அதோடு, ஒரு மனிதனைத் தனியே சாப்பிட விடமாட்டேன் என்ற அவருடைய பிடிவாதம். அதை நான் காலம் கடந்துதான் எடுத்துக்கொண்டேன், ஆனால் எடுத்துக்கொண்டேன்.

போன சனிக்கிழமை நானே சந்தைக்குப் போனேன். பசளி போட்டு மீன் சொதி வைத்தேன். சுமாராகத்தான் வந்தது. தர்மலிங்கத்தை அழைத்தேன். அவரும் தனி அறைதான். சாப்பிட்டாயிற்று என்றார்.

"என்ன சாப்பிட்டனீர்?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டன், சாப்பிட்டன்" என்றார்.

"வாரும் ஐசே" என்றேன். வந்தார்.